வாசகர் கேள்வி–பதில்: ஓடியாடிப் போடும் கணக்கு

ஜூன் விடுமுறை நெருங்குவதால், உயர்நிலை 1, 2 பிள்ளைகளுக்கு ஓடியாடும் கணக்கு விளையாட்டுகள் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை அதிகம். அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலை 1 மாணவர்கள் 24 பேருக்குத் தொண்டூழியர்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு மாறுதலுக்காக அஞ்சலோட்டம் வைத்தோம். நான்கு அணிகள், ஒவ்வொருவராக ஓடிப்போய் வெண்பலகையில் விடை எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கலகலப்பாக இருந்தது. அப்புறம் வரிசையில் நின்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் மற்றவர்கள் காதில் விடையை ஓதினார்கள். எங்கே தவறு?
— தொண்டூழிய ஆசிரியர், உட்லண்ட்ஸ்

பதில்: பிள்ளைகளிடம் தவறில்லை, வரிசையில்தான். 24 பேர் நான்கு அணி என்றால் அணிக்கு 6 பேர். ஒருவர் ஓடும்போது ஐவர் சும்மா நிற்கிறார்கள். அரைமணி நேர விளையாட்டில் ஒரு பிள்ளை இயங்குவது 5 நிமிடம், காத்திருப்பது 25 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்கு நீங்கள் வேலை கொடுக்கவில்லை, கைப்பேசி கொடுத்தது. இன்னொரு குறை, தப்பான விடை வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. நான்கு அணியையும் ஒரே ஆள் திருத்திக்கொண்டிருந்தால் ஆட்டம் அங்கங்கே அறுந்துபோகும்.

இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க 'சங்கிலி அட்டை' நல்ல வழி. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள், 12 சோடி. ஒவ்வோர் அட்டையிலும் மேலே ஒரு எண், அதுதான் தலையெண். கீழே ஒரு கணக்கு. கணக்கின் விடை எதுவோ அதைத் தலையெண்ணாகக் கொண்ட அட்டையைத் தேடிப் போக வேண்டும். எட்டு அட்டை முடிந்ததும் தொடங்கிய அட்டைக்கே திரும்பி வர வேண்டும். அட்டைகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தால் வரிசை தெரிந்துவிடும், அதனால் பழப்பெயர் வையுங்கள். மைனஸ் எண்களுக்கு ஒரு முழுச் சங்கிலி இதோ:

ரம்புத்தான்: தலையெண் 7, கணக்கு −5 + 8
டுரியான்: தலையெண் 3, கணக்கு −4 − 6
பலா: தலையெண் −10, கணக்கு (−3) × (−4)
பப்பாளி: தலையெண் 12, கணக்கு 2 − (−9)
கொய்யா: தலையெண் 11, கணக்கு −18 ÷ 3
மாங்காய்: தலையெண் −6, கணக்கு −7 + 5
மங்குஸ்தீன்: தலையெண் −2, கணக்கு (−2)²
வாழை: தலையெண் 4, கணக்கு −1 − (−8)

வாழையின் விடை 7, ஆகவே மறுபடி ரம்புத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டுரியானில் −4 − 6 என்பதற்கு −2 என்று போடும் பிள்ளைகள் நிறைய. அந்த −2 மங்குஸ்தீனின் தலையெண்ணாக இருப்பதால் அவர்கள் சந்தேகமே இல்லாமல் அங்கே போவார்கள். மங்குஸ்தீன், வாழை, ரம்புத்தான், மறுபடி டுரியான் என்று நான்கே அட்டையில் வட்டம் மூடிக்கொள்ளும். 'எட்டு வர வேண்டும், நான்குதான் வந்திருக்கிறது' என்று அவர்களுக்கே தெரியும். பலாவில் தொடங்கிய சோடி அதே தவற்றைச் செய்தால் எட்டு அட்டையும் முடித்திருப்பார்கள், ஆனால் கடைசி விடை பலாவுக்குப் போகாமல் மங்குஸ்தீனுக்குப் போகும். அதனால் ஆட்டம் தொடங்கும்முன்பே இரண்டு விதிகளையும் சேர்த்தே சொல்லுங்கள்: எட்டும் வர வேண்டும், கடைசி விடை தொடங்கிய அட்டையில் முடிய வேண்டும்.

மற்றத் தவறுகளுக்குப் பொறி வைக்காதீர்கள். (−2)² என்பதற்கு −4 போட்டால் அப்படி ஓர் அட்டையே இல்லை, உடனே தெரிந்துவிடும். ஒரு சங்கிலிக்கு ஒரு பொறி போதும். இரண்டு வைத்தால் எந்தத் தவறு எங்கே இழுத்துச் சென்றது என்று பிள்ளைகளால் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடியாமல் சோர்ந்துவிடுவார்கள்.

எட்டு அட்டைக்கு 12 சோடி என்றால் நெரிசல். அதே சங்கிலியை வெள்ளைத் தாளில் ஒரு தொகுதி, மஞ்சள் தாளில் ஒரு தொகுதி என மொத்தம் 16 அட்டை செய்து, தொகுதிக்கு 6 சோடி விடுங்கள். ஒவ்வொரு சோடியும் வெவ்வேறு அட்டையில் தொடங்கட்டும். தாள் ஏ4 அளவு. தலையெண்ணை 5 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கணக்கைச் சிறிதாக, பக்கத்தில் போனால்தான் படிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள். அட்டைகளைச் சங்கிலி வரிசையில் ஒட்டிவிடாமல் கலைத்து ஒட்டுங்கள். நடுவில் ஒரு மேசை, அங்கிருந்து ஒவ்வோர் அட்டையும் 6 முதல் 8 மீட்டர் தள்ளி.

ஒருவர் போய்க் கணக்கைப் படித்து, மனத்தில் வாங்கி, மேசைக்கு வந்து சொல்வார். மற்றவர் அதைக் காகிதத்தில் எழுதிப் போடுவார். அடுத்த அட்டைக்கு வேலை மாறும். தாளும் பேனாவும் மேசையைவிட்டு நகரக் கூடாது, இந்த விதியைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் ஒருவரே இரண்டு வேலையும் பார்த்துவிடுவார்.

இங்கே வழக்கமாகக் கோளாறு வரும் இடம் ஒன்றுண்டு. வழியிலேயே மைனஸ் தொலைந்துபோகும். −1 − (−8) என்பதைப் பிள்ளைகள் 'மைனஸ் ஒன்று மைனஸ் மைனஸ் எட்டு' என்று சொன்னால் கேட்பவருக்கு எது எண்ணின் குறி, எது கழித்தல் என்று புரியாது. எண்ணின் குறிக்கு 'நெகட்டிவ்', கழித்தலுக்கு மட்டும் 'மைனஸ்' என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள்: 'நெகட்டிவ் ஒன்று, மைனஸ், நெகட்டிவ் எட்டு.' இந்த ஒரு பழக்கம் வகுப்பிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

அட்டைக்கு 2 நிமிடம் என்று 16 நிமிடம், விளக்க 5 நிமிடம், தவறிய சங்கிலியைத் திருத்த 8 அல்லது 10 நிமிடம். அரைமணி சரியாக இருக்கும். முடித்தவர்கள் பழப்பெயர்களை வரிசையாக எழுதித் தருவார்கள், ஒரு பார்வையில் திருத்திவிடலாம். தொடக்கம்தான் மாறும், வரிசை எல்லாருக்கும் ஒன்றே. தவறியவர்களிடம் எந்த அட்டையில் தவறு என்று சொல்லாதீர்கள். தேடிக் கண்டுபிடிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவர்கள் உண்மையில் படிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஜி1, ஜி2, ஜி3 என்று கடினம் ஏறிக்கொண்டே போகும் மூன்று பாடநிலைப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். தனித்தனி விளையாட்டு வைத்தால் ஜி1 பிள்ளைகள் முகம் வாடுகிறது. ஒரே விளையாட்டு வைத்தால் ஜி3 பிள்ளைகளுக்குச் சப்பென்று இருக்கிறது.
— துணைப்பாட ஆசிரியை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: மேலே சொன்ன சங்கிலியில் தலையெண்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையிலும் விடை ஒன்றாக வரும் இரண்டு கணக்குகளை எழுதுங்கள், ஒன்று பச்சை மையில், ஒன்று சிவப்பு மையில். டுரியானில் பச்சை −4 − 6, சிவப்பு 2 × (3 − 8). இரண்டுக்கும் விடை −10. பலாவில் பச்சை (−3) × (−4). சிவப்பு 'ஓர் எண்ணை 3-ஆல் வகுத்து 5 கூட்டினால் 9, அந்த எண் எது?' இரண்டுக்கும் 12. எல்லாரும் ஒரே தூணுக்கு ஓடுவார்கள், ஒரே பழத்தைத் தேடுவார்கள். எந்த நிறத்தைப் போடுவது என்பதைச் சோடியே ஒவ்வோர் அட்டையிலும் முடிவு செய்யட்டும். நீங்கள் நிறத்தை ஒதுக்கிக்கொடுத்தால் பழைய பிரிவினை வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். சிவப்பை எடுத்து மாட்டிக்கொண்டவர் பச்சைக்கு மாறலாம் என்றும் முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: மகள் உயர்நிலை 1. 'மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அதனால் −4 − 6 என்பதற்கும் 10 என்கிறாள். எழுந்து நடந்து புரிந்துகொள்கிற மாதிரி ஏதாவது உண்டா? வீட்டில் அவளும் தம்பியும் நானும்தான்.
— வாசகி, பொங்கோல்

பதில்: உண்டு. உங்கள் மகளுக்கு இது மற்ற எதையும்விட உதவும், ஏனென்றால் இங்கே நடப்பதே கணக்கு.

புளோக்கின் கீழ்த்தளத்தில் காலியான இடமாகப் பார்த்து, தரையில் 10 மீட்டருக்கு நேராக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 50 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் குறி; −10 முதல் +10 வரை மொத்தம் 21 குறி. 20 என்று நினைத்து அளந்தால் பூச்சியத்துக்கு இடமில்லாமல் போகும். குறிக்கு 20 செ.மீ. டேப் என்றால் மொத்தம் 14 மீட்டருக்குச் சற்று மேல் ஆகும், 15 மீட்டருக்குக் குறையாத சுருளாக வாங்குங்கள். பெட்டிகட்டும் பிளாஸ்டிக் டேப் வேண்டாம், உரித்தால் பசை தரையில் தங்கும். மழை பெய்து சாரல் அடித்த தரையில் எந்த டேப்பும் ஒட்டாது, பிள்ளைகளும் வழுக்கி விழுவார்கள். முடிந்ததும் முழுவதும் உரித்து எடுத்துவிடுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து நிகழ்ச்சியாக நடத்துவதென்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

நடக்கும் விதி மூன்றே. முதலில், தொடங்கும் எண்ணின் மேல் ப்ளஸ் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கூட்டல் என்றால் அப்படியே நில், கழித்தல் என்றால் திரும்பி நில். அடுத்து வரும் எண் ப்ளஸ் என்றால் முன்னோக்கி நட, மைனஸ் என்றால் திரும்பாமல் பின்னோக்கி நட.

இப்போது −4 − 6. மகள் −4-இல் நிற்கிறாள். கழித்தல், திரும்புகிறாள். 6 குறி முன்னோக்கி நடந்தால் −10. எங்கேயும் 10 வர வழியே இல்லை என்பதைக் கால் சொல்லிவிடும். அடுத்து −3 − (−4). கழித்தலுக்குத் திரும்புகிறாள், மைனஸ் 4-க்குப் பின்னோக்கி நடக்கிறாள். −2, −1, 0, 1. திரும்பி நின்று பின்னால் நடந்தால் ப்ளஸ் பக்கமே போகிறோம் என்பதுதான் அவள் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டின் உள்ளிருக்கும் பொருள்.

விளையாட்டாக ஆக்க, −4 முதல் +4 வரை தொடக்க அட்டை 9. −6 முதல் +6 வரை பூச்சியம் தவிர்த்து நடை அட்டை 12. கூட்டல், கழித்தல் அட்டை ஆறாறு. இந்த அளவோடு நிறுத்தினால் யாரும் கோட்டைத் தாண்டிப் போக மாட்டார்கள். மூன்று அட்டை எடுத்ததும் நடக்கும்முன், எங்கே போய் நிற்போம் என்று நினைக்கிற குறியில் ஓர் அழிப்பானை வைக்க வேண்டும். அப்புறம் நடை. கால் அழிப்பானில் போய் நின்றால் ஒரு புள்ளி. அழிப்பான் வைக்காமல் நடக்கவிட்டால் அது வெறும் நடைப்பயிற்சி, கணக்கு நடக்காது.

நிற்கும் குறியையே 'ஒன்று' என்று எண்ணுவது முதல் கோளாறு. தம்பி நிச்சயம் செய்வான். காலைத் தூக்கி வைத்த பிறகுதான் 'ஒன்று' என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். முந்தின ஆட்டத்தில் திரும்பியவர் திரும்பிய நிலையிலேயே அடுத்ததைத் தொடங்குவது இரண்டாவது. ப்ளஸ் பக்கச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, 'நாற்காலியைப் பார்த்து நில்' என்று தொடங்குங்கள். பின்னோக்கி நடக்கும்போது பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

பெருக்கலை இந்தக் கோட்டில் திணிக்க வேண்டாம். (−3) × (−4) என்பதற்கு 'மைனஸ் மூன்று தடவை' நடப்பது எப்படி என்று பிள்ளை கேட்டால் இந்த மூன்று விதிகளில் அதற்குப் பதில் இல்லை.

கேள்வி: விளையாட்டில் தோற்ற பிள்ளைகள் அடுத்த வாரம் வருவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா, ஓட முடியாது. பரிசு வைப்பதா, விடுவதா?
— பெற்றோர் குழு உறுப்பினர், ஈசூன்

பதில்: ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேக நடையாக்குங்கள்: ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையும் தனக்கு முடிந்த வேகத்தில் சேர்ந்துகொள்ளலாம், தூணில் மோதுவதும் குறையும். அந்தப் பிள்ளையை 'மதிப்பெண் எழுதுபவர்' என்று ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். அது ஒதுக்கி வைப்பதுதான். மருந்துக் குழல் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நேரத்துக்குப் புள்ளி கொடுக்காமல் முதல் முயற்சியிலேயே மூடிய சங்கிலிகளை எண்ணுங்கள். போன வாரம் 12 சோடியில் 5 என்றால் இந்த வாரம் 6 வர வேண்டும் என்பது குழு முழுவதுக்கும் ஒரே இலக்கு. பரிசு வேண்டுமென்றால் இலக்கை எட்டிய அன்று எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: மகன் உயர்நிலை 2, வடிவொத்த முக்கோணம் படிக்கிறான். நிழலை வைத்து எங்கள் புளோக்கின் உயரத்தை அளக்கப் பகல் 12 மணிக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. ஏன்?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: நேரம் பொருந்தவில்லை, பொருளும் பெரிது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. 1982 முதல் நம் கடிகாரம் சூரிய நேரத்தைவிட ஒரு மணிக்கும் மேல் முந்தி ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியளவில். 12 மணிக்கு 1 மீட்டர் குச்சியின் நிழல் மார்ச், செப்டம்பர் வாக்கில் 30 செ.மீ. அளவுதான் இருக்கும். அதில் 1 செ.மீ. பிசகினாலே விடை ஏறத்தாழ மூன்று விழுக்காடு மாறும். காலை 10 மணிக்கோ மாலை 4 மணிக்கோ போங்கள், குச்சியும் நிழலும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருக்கும்.

புளோக்கை விட்டுவிட்டுக் கூடைப்பந்து வளையத்தில் தொடங்குங்கள். அதன் விதிமுறை உயரம் 3.05 மீட்டர், ஆகவே மகன் தன் விடை சரியா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். வளையத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளிதான் முதல் சிக்கல், கம்பத்தின் அடியிலிருந்து அளந்தால் தவறு. நூலில் அழிப்பானைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பேர் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் தள்ளி நின்று, நூல் வளையத்தின் நடுவை மறைக்கும்படி பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் தரையில் நகர்ந்து நகர்ந்து இருவரின் நூலுக்கும் கீழே வரும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறிப்பார். அங்கிருந்து வளைய நிழலின் நடுவரை அளந்தால் நிழல் நீளம். அதைக் குச்சியின் உயரத்தால் பெருக்கி, குச்சி நிழலின் நீளத்தால் வகுத்தால் வளையத்தின் உயரம் வந்துவிடும்.

குச்சி நிழலையும் வளைய நிழலையும் ஒரே சமயத்தில் குறியுங்கள், அளப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாலை 4 மணி வாக்கில் குச்சியைக் குறித்துப் பத்து நிமிடம் கழித்து வளையத்துக்குப் போனால், அதற்குள் நிழல் ஏறத்தாழ 9 விழுக்காடு நீண்டு, 3.05-க்குப் பதிலாக 3.3 மீட்டர் வரும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் விடை மாறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் உள்ளரங்கப் பூப்பந்துத் திடலுக்குப் போய்விடுங்கள். இரட்டையர் திடல் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். மூலைக்கு மூலை எவ்வளவு என்று பைத்தகரஸ் தேற்றத்தால் முதலில் கணக்கிட்டால் 14.72 மீட்டர் வரும். பிறகு இழுபடாத கயிற்றால் கோட்டின் வெளி விளிம்பிலிருந்து அளந்து பார்க்கட்டும். 5 மீட்டர் அளவுநாடாவை மூன்று முறை நகர்த்தி அளந்தால் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

கேள்வி: உயர்நிலை 2 பிள்ளைகளுக்கு நிகழ்தகவு. பகடை உருட்டினாலே உட்கார்ந்த விளையாட்டாகிவிடுகிறது. எழுந்து ஆட என்ன செய்யலாம்?
— பள்ளி ஆசிரியை, புக்கிட் பாத்தோக்

பதில்: பிள்ளைகளையே காய்களாக்குங்கள். தரையில் 1 முதல் 12 வரை 12 தடம், ஒவ்வொன்றிலும் 6 படி. தடத்துக்கு ஒரு பிள்ளை, 24 பேர் என்றால் இரண்டு களம். இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை எந்தத் தடமோ அதில் நிற்பவர் ஒரு படி முன்னே போவார். தடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 1 என்ற தடம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது; ஏன் நகரவே இல்லை என்று அங்கே நிற்பவர் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

பகடை ஒன்று சிவப்பு, ஒன்று நீலமாக இருக்கட்டும். ஒரே நிறமாக இருந்தால் 3-உம் 4-உம், 4-உம் 3-உம் இரண்டு வேறு விளைவுகள் என்று பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1, 2, 12-இல் நிற்பவர்களுக்குச் சலிக்கும் அல்லவா, அதனால் உருட்டும் உரிமையை இதுவரை மிகக் குறைவாக நகர்ந்தவருக்குக் கொடுங்கள்.

ஒரு சுற்று 25 வீச்சை ஒட்டி முடியும். சில சமயம் 15-லேயே முடியும், 35-உம் ஆகும். 7 ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஒரே சுற்றில் 9-ஓ 5-ஓ ஜெயிப்பது சகஜம், 'டீச்சர் சொன்னது தப்பு' என்று போய்விடும். ஒவ்வொரு தடத்திலும் எத்தனை படி என்று எழுதிவைத்து, இரண்டு களங்களிலும் இரண்டிரண்டு சுற்று ஆடி, நான்கையும் கூட்டுங்கள். நடுவில் குவிவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது சுற்றில் ஒரே தடத்தில் பலர் நிற்கலாம் என்று விட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் 6, 7, 8 பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

கடைசியில் தரை ஓடுகளில் 6-க்கு 6 கட்டம் எடுத்து, ஒரு பக்கம் சிவப்புப் பகடையின் எண்கள், மறுபக்கம் நீலப் பகடையின் எண்கள் எழுதுங்கள். 24 பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தில் நிற்க, மீதி 12 கட்டத்தில் தண்ணீர்ப் புட்டிகளை வையுங்கள். 'உங்கள் கட்டத்தின் கூட்டுத்தொகை 7 என்றால் கையைத் தூக்குங்கள், அந்தக் கட்டத்தில் புட்டி நின்றால் பக்கத்தில் இருப்பவர் புட்டியைத் தூக்கட்டும்' என்று சொன்னால் மூலையிலிருந்து மூலைக்கு ஆறு கைகள் ஒரே சாய்கோட்டில் எழும். 2-ஐயும் 12-ஐயும் கேட்டால் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு கை.